எடையின் பிறப்பிடம்

அங்காடியில் ஒரு கிலோ அரிசியை நிறுத்து வாங்குகிறோம். அந்த நிறை எங்கிருந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2012-ஆம் ஆண்டில் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டபோது, எல்லாப் பொருள்களின் நிறைக்கும் அதுவே காரணம் என்று பலர் கருதினர். உண்மை அதுவன்று.

அணுவின் நிறை பெரும்பாலும் அதன் கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களில் அடங்கியுள்ளது. புரோட்டானின் நிறையை 938 பங்கு எனக் கொள்வோம். அதனுள் உள்ள மூன்று குவார்க்குகளுக்கும் ஹிக்ஸ் புலம் அளிக்கும் நிறை ஏறத்தாழ 9 பங்கே. அரிசிக் கணக்கில் கிலோவுக்குச் சுமார் 10 கிராம். எஞ்சியதெல்லாம் குவார்க்குகளின் இயக்கத்திலும், அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலத்திலும் பொதிந்துள்ள ஆற்றலாகும். ஆற்றலே நிறையாக வெளிப்படும் என்பதை ஐன்ஸ்டைன் 1905-இல் காட்டினார்.

இவ்வாற்றலைக் கணக்கிடுதல் எளிதன்று. குவார்க்குகள் மிக நெருங்கும்போது அவற்றிடையே விசை தளர்கிறது என்பதை கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் 1973-இல் நிறுவினர். விலகும்போதோ விசை வலுக்கிறது. அந்நிலையில் எழுதுகோல் கொண்டு போடும் வழக்கமான கணக்கு பயன்படுவதில்லை. அங்கே நமக்கு வழிகாட்டுவது சமச்சீர்மை.

நிறையற்ற குவார்க்குகள் இடச்சுழல், வலச்சுழல் என இருவகைப்படும். விதியின்படி இவ்விரண்டும் ஒன்றையொன்று சாராதவை. ஆயினும் வலிய விசை வெற்றிடத்திலேயே அவற்றை இணைசேர்த்து, அச்சமச்சீர்மையை முறித்துவிடுகிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். திடலில் கூடிய மக்கள் எத்திசை நோக்கியும் அமரலாம், தடையில்லை. ஆனால் அருகிலிருப்பவரைப் பார்த்து அனைவரும் ஒரே திசை நோக்கி அமர்ந்துவிடுகின்றனர். இனி ஒருவர் மட்டும் திரும்புவது கடினம். அனைவரும் ஒருசேரச் சிறிது திரும்புவதோ எளிது. அத்தகைய எளிய அசைவே பையான் என்னும் துகள். அதனால்தான் அதன் நிறை புரோட்டானின் நிறையில் ஏழில் ஒரு பங்களவே. குவார்க் என்னும் பெயர் தோன்றுமுன்பே, 1960-61-இல், இக்கருத்தை வகுத்தவர் யோய்ச்சிரோ நம்பு. அவருக்கு 2008-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டில் ஐரோப்பிய அறிஞர் குழுவொன்று, பேராற்றல் வாய்ந்த கணிப்பொறிகளைக் கொண்டு புரோட்டானின் நிறையைக் கணக்கிட்டு, அளவீட்டோடு அது ஒத்திருக்கக் கண்டது. மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இத்துறைக் கணிப்புகளில் ஈடுபட்டுள்ளனர்.

எனினும், குளுவான் புலத்தின் மிகத் தாழ்ந்த கிளர்ச்சிக்கும் நிறை உண்டு என்பதற்குக் கணித நிறுவல் இன்னும் கிட்டவில்லை. அதனைத் தருவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு 2000-ஆம் ஆண்டு முதல் காத்திருக்கிறது. அன்றாடம் தராசுத் தட்டில் நாம் காணும் நிறைக்குக் காரணம் அறிந்தோம்; அதனை ஐயமற நிறுவும் பணி வருங்கால மாணவர்க்கு எஞ்சியுள்ளது.