நடந்தவள் பெயரில் ஓர் ஓட்டப் பாதை



கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்புறமாக மேலேறும் உடவத்தகெலே என்னும் காட்டை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். மன்னர் காலத்தில் அது அரண்மனைக்குரிய வனம். 1856 இல் ஒதுக்குக் காடாகவும் 1938 இல் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் போய்வரலாம். 104 ஹெக்டேயர் பரப்புள்ள அந்த வனத்தினுள்ளே வளைந்து சுற்றிவரும் பிரதான பாதைக்கு லேடி ஹோர்டன் பாதை என்று பெயர். அதில் ஓடுவதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் தேகப்பியாசத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

யார் இந்த லேடி ஹோர்டன்? 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோர்டனின் மனைவி. கணவர் ஆங்கிலக் கவிஞர் பைரனின் ஒன்றுவிட்ட சகோதரர். 1814 ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் நடந்த ஒரு விருந்திலே, மினுக்கம் பதித்த கருநிறத் துக்க உடையில் வந்த இந்தப் பெண்ணைப் பைரன் கண்டார். 'ஷீ வோக்ஸ் இன் பியூட்டி' என்ற புகழ்பெற்ற கவிதை அதன் பிறகு பிறந்தது. 1815 இல் 'ஹீப்ரூ மெலடீஸ்' தொகுதியில் வெளியாயிற்று. ஆங்கில இலக்கியம் படித்த நம்மவர் எத்தனை பேர் அக்கவிதையை மனனம் செய்திருப்பார்கள்! அதன் நாயகி கண்டியில் வாழ்ந்தாள், அவள் பெயரில் ஒரு காட்டுப் பாதை கிடக்கிறது என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

கவிதையில் அவள் நடக்கிறாள். பைரனுக்கோ பிறவியிலேயே ஒரு கால் ஊனம். 1810 இல் தார்தனெல்ஸ் நீரிணையை நீந்திக் கடந்த அந்த மனிதருக்கு நிலத்தில் நடை எளிதாக இருக்கவில்லை. பிறருடைய நடையை அவர் உற்றுப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நான் நினைப்பதுண்டு.

நமது புலவர்களும் நடையைத்தான் பாடினார்கள். அன்னநடை என்றார்கள், பிடிநடை என்றார்கள். சங்க அகப்பாடல்களில் தலைவனோடு பாலை நிலத்தைக் கடக்கும் தலைவியும் நடந்தே போகிறாள். அதற்கு உடன்போக்கு என்று மரியாதையான பெயரும் உண்டு. இன்று அதே காரியத்தை ஒருத்தி செய்தால் 'ஓடிப்போனாள்' என்கிறோம். ஏசுவதற்கென்றே 'ஓடுகாலி' என்றொரு சொல்லையும் வைத்திருக்கிறோம். நடந்தால் அன்னம், ஓடினால் ஓடுகாலி! பெண்ணின் ஓட்டத்தை மெச்சுவதற்கு நம் பேச்சு வழக்கில் ஒரு சொல்லையாவது தேடிப் பாருங்கள்.

ஆண்களுக்கு மட்டும் ஓட்டம் இனித்ததா? எங்கள் வீட்டில் அது 1983 ஜூலையைக் குறிக்கும் சொல். 'ஓட்டத்துக்கு முந்தி', 'ஓட்டத்துக்குப் பிந்தி' என்றுதான் என் தந்தையார் காலத்தைக் கணக்கிடுவார். பின்னர் 1998 ஜனவரி 25 இல் தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிந்திய மாதங்களில் அடையாள அட்டையில்லாமல் வாசற்படி தாண்டாத கண்டித் தமிழ் இளைஞருள் நானும் ஒருவன். பஸ் புறப்பட்டாலும் அதன் பின்னே ஓடமாட்டோம். ஓடுகிறவனை மறித்து, எதிலிருந்து ஓடுகிறாய் என்று கேட்ட காலம் அது. துரத்துவதற்கு யாருமில்லாமல் ஒருவன் ஓடலாம் என்பதை நான் நாற்பது வயதுக்குப் பிறகே கண்டுகொண்டேன்.

கற்றுத் தந்தவள் என் தமக்கையின் மகள். காட்டில் ஓடுவதும் மைதானத்தில் ஓடுவதும் ஒன்றல்ல. மைதானத்தில் கால்களை மறந்துவிடலாம். இங்கே வேர்கள் பாதைக்குக் குறுக்கே நரம்புகள்போல் புடைத்திருக்கும். மழை பெய்த மறுநாள் சருகுக்கடியில் களிமண் சறுக்கும். “மாமா, காலைப் பார்க்காதீங்க. நாலு அடி தள்ளிப் பாருங்க” என்பாள். கண் முன்னே போய் இடம் பார்த்துவைக்க, கால் பின்னால் வந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அடிகளைக் குறுக்கி, பாதத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் வேர் தடுக்காது. இறக்கத்தில் பின்னுக்குச் சாய்ந்தால் விழுவது நிச்சயம். அட்டைகளுக்காகக் காலுறையின் மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொள்கிறோம். அதையும் மீறி ஒன்றிரண்டு ஏறத்தான் செய்யும். விடியற்காலையில் குளத்தருகே சருகுமான் ஒன்று குறுக்கிடுவதும் உண்டு. முயலளவே உள்ள அந்தப் பிராணியின் ஓட்டத்துக்கு முன் எங்களது வெறும் தடதடப்பு.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஓடுகிறவனுக்குக் காடு முழுவதும் ஒரே பச்சை. நின்று பார்த்தால்தான், அதிற் பெரும்பகுதி வந்தேறிப் பச்சை என்பது விளங்கும். மஹோகனி அமெரிக்கக் கண்டத்து மரம். இங்கே பரவியிருக்கும் பால்சம் மரமும் அவ்வாறே. வீட்டுப் போத்தலில் நாம் வளர்க்கும் மணி பிளான்ட், பசுபிக் தீவொன்றிலிருந்து புறப்பட்ட கொடி. இங்கே அது நிலத்தை மூடி, மரங்களில் ஏறி, உள்ளூர் நாற்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்காமற் செய்கிறது. ஆகவே ஒரு சுற்று ஓடினால் ஒரு சுற்று நடப்பது என்று வைத்திருக்கிறேன். குறுக்குவழியில் இறங்குவதில்லை. அங்கேதான் முளைகள் மிதிபடுகின்றன.

மருமகளுக்கு என் நடை பிடிப்பதில்லை. நான் ஒரு சுற்று நடந்து முடிப்பதற்குள் அவள் இரண்டு சுற்று ஓடி என்னைக் கடந்துவிடுகிறாள். அவளுடைய பாட்டி, அதாவது என் தாயார், ஆரம்பத்தில் அந்தப் பழைய சொல்லைச் சொல்லியே ஏசினார். இப்போது அவள் திரும்பி வந்ததும், எத்தனை அட்டை கடித்தது என்று மட்டும் கேட்கிறார். வரும் ஞாயிறு அவளுடைய தோழியர் இருவரும் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. ஒருத்தி சப்பாத்தும் வாங்கிவிட்டாள். மற்றவளின் தாயார் இன்னும் சம்மதிக்கவில்லை. நான் போய்ப் பேச வேண்டுமாம்.