மருத்துவ முடிவுக்காகக் காத்திருக்கும் வேளையில்

(பெண்களும் திரைமறைவில் இருந்து செவிமடுத்த மாதாந்திரப் பயானின் எழுத்து வடிவம்)

 

புகழனைத்தும் வல்ல ரஹ்மானுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.

ஒரு நாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் சகோதரர் ஒருவர் மருத்துவ உறை ஒன்றுடன் என்னிடம் வந்தார். அவருடைய மனைவிக்கு மேமோகிராம் எனும் மார்பகப் படம் எடுத்திருந்தார்கள். அதில் சந்தேகத்திற்குரிய நிழல் தெரிவதாகவும், ஊசி மூலம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. "ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள். மகளின் நிக்காஹ் முடியட்டும், அதுவரை வெளியில் தெரிய வேண்டாம் என்கிறாள்" என்றார். நான் துஆச் செய்து, "ஸப்ராக இருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் சென்ற பிறகுதான் என் உள்ளம் உறுத்தியது. நிக்காஹிற்கு இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. நான் சொன்ன ஸப்ரை, காலம் தாழ்த்த அனுமதி என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் என்னாவது? அன்று மாலையே அவர் இல்லம் சென்று, சொல்லத் தவறியதைச் சொன்னேன். அதையே இன்று உங்கள் முன்பும் வைக்கிறேன்.

மூஸா (அலை) அவர்களின் தாயாரை நினைத்துப் பாருங்கள். பச்சிளங்குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டார்கள். அல்லாஹ்வின் வாக்குறுதி அவர்களிடம் இருந்தது. ஆயினும் உள்ளம் கலங்கி, உண்மையை வெளியிட்டுவிடும் நிலைக்கு வந்தார்கள். அல்லாஹ்வே அவ்வுள்ளத்தை உறுதிப்படுத்தினான் என்பதை சூரத்துல் கஸஸ் நமக்கு அறிவிக்கிறது. ஆகவே, முடிவு தெரியாத நாட்களில் உறக்கம் கெடுவதும் கண்ணீர் வருவதும் ஈமானின் குறைவன்று. அதே நேரத்தில், அத்தாயார் அழுதுகொண்டே அமர்ந்துவிடவும் இல்லை. பேழையைப் பின்தொடர்ந்து கவனித்து வருமாறு தம் மகளை அனுப்பினார்கள். தவக்கல் என்பது இதுதான். அடுத்த பரிசோதனைக்குச் செல்வதும் தவக்கலில் அடங்கியதே.

சகோதரிகளே! மேமோகிராம் தீர்ப்பு அன்று. நீர்க்கட்டியும், தீங்கற்ற கட்டியும், சுண்ணாம்புப் படிவும் கூட அதில் நிழலாகத் தெரியலாம். நோய்க்குறி ஏதுமின்றி முன்னெச்சரிக்கையாகப் படம் எடுத்து, மறுபரிசோதனைக்கு அழைக்கப்படும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே புற்றுநோய் உறுதியாகிறது என்பது அமெரிக்க அனுபவம். ஆனால், கையில் கட்டி தட்டுப்பட்டவரோ, சதைப் பரிசோதனை தேவை என்று சொல்லப்பட்டவரோ இக்கணக்கைக் கொண்டு ஆறுதலடைந்து தாமதிக்கலாகாது. அறிக்கையில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் ஒன்றுமில்லை என்பது பொருளன்று. இன்னும் படம் தேவை என்பதே பொருள். 4, 5 என்றால் சதைப் பரிசோதனை அவசியம். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்பது நம் இல்லங்களில் உலவும் தவறான பேச்சு. மரத்துப்போக மருந்து செலுத்தியே அதைச் செய்கிறார்கள். பெண் ஊழியர் வேண்டும் என்று கேளுங்கள். பெண் மருத்துவர் கிடைக்காதபோது, தேவையான அளவிற்கு ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை.

நாம் அன்றாடம் கடந்து செல்லும் சானடோரியம் ரயில் நிலையத்திற்கு அப்பெயர் எப்படி வந்தது? 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கு நிறுவிய மருத்துவமனையால் வந்தது. அந்நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சிய காலம் அது. இன்று மாத்திரை உண்டு குணமடைகிறார்கள். அதுபோலவே, தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கியதே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. கிண்டி வரை மின்சார ரயில், பிறகு பேருந்து. அவ்வளவு அருகில் இருக்கிறது. ஆரம்பத்திலேயே கண்டறியப்பட்டால் மார்பகப் புற்றுநோயிலிருந்தும் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

இனி ஜமாஅத்தார்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சகோதரி அஞ்சியது நோய்க்கு மட்டுமன்று, நம் நாவுகளுக்கும்தான். தாய்க்கு நோய் என்று கேள்விப்பட்டதும் மகளின் சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பவர்கள் நம்மிடையே இல்லையா? அந்த அச்சத்தால் ஒரு பெண் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், அதில் நமக்குப் பங்கில்லை என்று மறுமையில் சொல்ல முடியுமா? மூஸா (அலை) அவர்களின் சகோதரி பிறர் அறியாவண்ணம் தூரத்திலிருந்தே கவனித்துச் சென்றார்கள். நாமும் அவ்வாறே துணை நிற்போம். கணவன்மார்கள் வேலைக்கு விடுப்பு எடுத்தேனும் உடன் செல்லுங்கள். பைத்துல்மாலிலிருந்து பரிசோதனைச் செலவிற்குப் பெயரை வெளியிடாமல் உதவுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சகோதரி அதே வாரத்தில் பரிசோதனைக்குச் சென்றார்கள். முடிவு என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள்; அது அவர்களுடைய அமானத்.

நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், காத்திருப்போருக்கு மன உறுதியையும், நமக்கு நாவடக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.