மலைக்குகை வழியே ஒரு நடை

இரயில் வண்டி மலைக்குகைக்குள் நுழையும்போது சிறுவர் கூவி ஆரவாரம் செய்வதும், பெரியவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதும் நாம் அறிந்த காட்சி. இருள் வருகிறது, சற்று நேரத்தில் மறைகிறது, பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நடுவே என்ன இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. வண்டி விரைந்து செல்வதற்காகவே குகை வெட்டப்பட்டது. அந்த விரைவே குகையை நம் கண்ணுக்கு மறைத்தும் விடுகிறது. குகையை அறிய விரும்புவோர் அதனுள் நடந்துதான் பார்க்க வேண்டும்.

இவ்வாறு நடந்து பார்ப்பதில் ஆர்வங்கொண்ட இருப்புப்பாதை அன்பர்கள் பல நாடுகளிலும் உண்டு. வண்டி ஓடும் பாதையில் நடப்பது சட்டத்துக்கும் அறிவுக்கும் முரணானது. ஆதலால் அவர்கள் நாடுவது கைவிடப்பட்ட பாதைகளையே. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சியரா நெவாடா மலையில், டானர் கணவாய்க்கு அருகில் உள்ள ஆறாம் எண் சுரங்கம். என் மகளைக் காணச் சென்றிருந்த ஒரு கோடையில் அதனுள் நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது அச்சுரங்கம். அதன் நீளம் 1,659 அடி. அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் முதல் இருப்புப்பாதையின் மேற்குப் பகுதியை அமைத்த சென்ட்ரல் பசிபிக் கம்பெனி, 1867-ல் இதனைக் குடைந்து முடித்தது. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் முதல் வண்டி இதன் வழியே சென்றது. 1993-ல் இப்பாதை கைவிடப்பட்டது, தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. இன்று வண்டிகள் அருகிலுள்ள வேறொரு நீண்ட சுரங்கத்தின் வழியே செல்கின்றன.

வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே குளிர் எலும்பைத் துளைக்கிறது. கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது, தரையெங்கும் சரளைக்கற்கள். கைவிளக்கின் ஒளியைச் சுவரின் மீது பாய்ச்சினால், கருங்கல்லில் பாதி வட்டமாக நீண்ட தழும்புகள் தெரிகின்றன. அவை உளித் துளைகளின் எச்சங்கள். ஒருவர் நீண்ட இரும்பு உளியைப் பிடித்துக்கொள்வார். இருவர் மாறிமாறிச் சம்மட்டியால் அடிப்பர். ஒவ்வோர் அடிக்கும் உளியைச் சற்றே திருப்ப வேண்டும். துளை ஆழமானதும் வெடிமருந்தைக் கெட்டித்துக் கொளுத்துவர். பாறை பிளந்து விழும்; துளையின் ஒரு பாதி மட்டும் சுவரில் நின்றுவிடும். இன்று நாம் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பது அந்தப் பாதியையே.

நடுவழியில் நிமிர்ந்து பார்த்தால் மேலே செங்குத்தாக ஒரு குழி ஏறுகிறது. இரண்டு முனைகளிலிருந்து மட்டும் குடைந்தால் காலம் மிகுதியாகும் என்று கருதிய பொறியாளர்கள், மலையின் மேலிருந்து கிணறு போல் ஒன்றைத் தோண்டி, அதன் அடியிலிருந்து கிழக்கும் மேற்குமாகக் குடைந்தார்கள். இவ்வாறு நான்கு முகங்களில் வேலை நடந்தது. இருளுக்குள் எதிரெதிரே வந்தவர்கள் சில அங்குலப் பிழைக்குள் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். வடிவ கணிதம் வாழ்க்கைக்கு எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை நான் கண்டதில்லை.

வெடிமருந்தைக் கொண்டு ஒரு முகத்தில் நாளொன்றுக்குக் குடைய முடிந்தது ஏறத்தாழ ஓர் அடியே. பின்னர் நைட்ரோ கிளிசரின் என்னும் கொடிய வெடிநீர்மத்தைப் பயன்படுத்தினார்கள். 1866-ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் அது வெடித்துப் பலர் மாண்டிருந்தமையால், தொலைவிலிருந்து கொண்டுவராமல் வேலை நடந்த மலையிலேயே அதனைத் தயாரித்தார்கள். அதன் பிறகும் வேகம் நாளுக்கு இரண்டடியை எட்டவில்லை. தமிழில் ‘அடி’ என்பது அளவையும் குறிக்கும். நடப்பவன் எடுத்து வைக்கும் அடியையும் குறிக்கும். சம்மட்டி அடியையும் குறிக்கும். அச்சுரங்கத்தில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. நான் ஓரடி எடுத்து வைத்தேன்; அந்தத் தொலைவுக்கு ஒரு கூட்டம் ஒரு நாளுக்கு மேல் அடித்திருக்கிறது.

அக்கூட்டத்தினர் யார்? பெரும்பாலும் சீன நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். 1866-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மாரிக்காலத்தில் 44 பனிப்புயல்கள் வீசின. பனிக்குள் குடைந்த வழிகளிலேயே அவர்கள் நடமாடி வேலை செய்தார்கள். வெள்ளைத் தொழிலாளர்க்குக் கூலியோடு உணவும் அளித்த கம்பெனி, இவர்களைச் சொந்தச் செலவில் உண்ண விட்டது. 1867 ஜூன் மாதத்தில், மாதக் கூலி 40 டாலர் வேண்டும், சுரங்க வேலை நாளுக்கு எட்டு மணி நேரமாக வேண்டும் என்று கேட்டு அமைதியாக வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி உணவு வரும் வழியை அடைத்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் பசி வேலைநிறுத்தத்தை முடித்துவைத்தது.

1869 மே 10-ஆம் நாள் கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் இணைந்தன; நாடெங்கும் கொண்டாட்டம். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1882-ல், சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் அதே நாட்டில் நிறைவேறியது. கூலிக் கணக்குகளில் பெரும்பாலும் மேஸ்திரிகளின் பெயர்களே காணப்படுகின்றன. உளி பிடித்தவர்கள் தம் கைப்பட எழுதிய கடிதமோ நாட்குறிப்போ ஆராய்ச்சியாளர்க்குக் கிட்டவில்லை. 2014-ல்தான் அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் பெருமை மண்டபத்தில் அத்தொழிலாளர்க்கு இடமளித்தது. ஆயினும் கல்வெட்டு என்று ஒன்றைச் சொல்வதாயின், அவர்களுடைய கல்வெட்டு அச்சுரங்கத்தின் சுவரே. எழுத்து இல்லாத கல்வெட்டு அது. ஆனால் படிக்க முடியாததன்று.

இத்தகைய இடங்களுக்குச் செல்லும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். தனியே செல்லாதீர்கள். இரண்டு கைவிளக்குகளும் தடித்த காலணியும் கொண்டு செல்லுங்கள். உறைபனியில் கால் வழுக்கும். தளர்ந்த கல்லைத் தொடவேண்டா. நிலம் இருப்புப்பாதைக் கம்பெனிக்கு உரியது என்பதை நினைவிற்கொண்டு, தடை அறிவிப்பு இருக்குமாயின் மறுபேச்சின்றித் திரும்பிவிடுங்கள். சுவரில் உங்கள் பெயரை எழுதாதீர்கள். அச்சுவரை ஆக்கியவர்கள் தம் பெயரை எழுதிச் செல்லவில்லை.

நம்மில் பலர் அங்கெல்லாம் செல்ல இயலாது. செல்ல வேண்டியதும் இல்லை. எந்த மலைப்பாதையில் சென்றாலும், வண்டி குகைக்குள் புகும்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இந்த இருளை வெட்டியவர்கள் யார்? கூவும் குழந்தையிடம் அக்கேள்வியைக் கேளுங்கள். மறுபுறம் வெளிச்சம் வருவதற்குள் அது சிந்திக்கத் தொடங்கிவிடும்.