கட்டடக்கலை உதவியாளர் கல்வியும் நாட்டின் தேவையும்

(கட்டடக்கலை உதவியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்த பாலிடெக்னிக் மாணவர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் கட்டடக்கலை பயின்றவன் அல்லன், பொருளாதாரம் பயின்றவன். ஆகவே ஒரு கட்டடத்தின் அழகைப் பற்றி உங்களிடம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு கட்டடம் எவ்வளவு சிமெண்டை விழுங்குகிறது, எவ்வளவு மனித உழைப்பைக் கேட்கிறது, அதில் ஏற்படும் சிறு பிழைக்கு யார் விலை கொடுக்கிறார் என்ற கேள்விகள் பொருளாதாரத்தைச் சேர்ந்தவை. அந்தக் கேள்விகளின் வழியே நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் படிப்பை நோக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுகள் பயிலும் இப்பட்டயப் படிப்பு தில்லி, சண்டிகர், பஞ்சாப், ஹரியானா, இமாசலப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. தில்லியிலும் சண்டிகரிலும் மகளிர் பாலிடெக்னிக்குகளிலும் இது இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டாண்டு கட்டட வரைவாளர் பயிற்சி இருக்கிறது. மறுபுறம் கல்லூரிகளில் ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது உங்கள் படிப்பு. இடையில் நிற்பவரின் பணியைப் பிறர் காணாமல் விடுவது எளிது. அவர் இல்லாவிடில் மேலுள்ளவரின் எண்ணம் கீழுள்ளவரின் கைக்கு வந்து சேராது என்பதும் உண்மை.

கருத்துக்கும் செங்கல்லுக்கும் இடையே

கட்டடக் கலைஞர் ஒரு கருத்தை உருவாக்குகிறார். கொத்தனாரோ கருத்தைக் கொண்டு சுவர் எழுப்புவதில்லை. அளவைக் கொண்டே எழுப்புகிறார். கருத்தை அளவாக மாற்றுபவர் நீங்கள். தளப்படம், வெட்டுத் தோற்றம், முகப்புத் தோற்றம், கதவு சன்னல் அட்டவணை, அளவுப் பட்டியல், மதிப்பீடு ஆகிய அனைத்தும் இந்த மாற்றத்தின் படிகளே.

சண்டிகர் நகரின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் லெ கார்பூசியே அந்நகரின் திட்டத்தை வகுக்க வந்தார். அவர் அங்கேயே தங்கியிருந்தவர் அல்லர். ஆண்டில் சில வாரங்கள் வந்து சென்றவர். அவருடைய உறவினர் பியேர் ழான்னரே 1965 வரை அங்கே தங்கிப் பணியாற்றினார். மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோரும், இந்திய இளைஞர் பலரும் வரைபலகைகளின் முன் அமர்ந்தனர். அமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரை அரசுப் பணியாளருக்கான வீடுகள் 13 வகைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் படங்கள் தயாரிக்கப்பட்டன. வரலாறு சில பெயர்களை நினைவில் வைத்திருக்கிறது. அந்த வீடுகளின் சன்னல் அளவுகளையும் படிக்கட்டு அளவுகளையும் தாள் தாளாக வரைந்து வேலைத்தலத்திற்கு அனுப்பியவர்களின் பெயர்கள் நூல்களில் அரிதாகவே காணப்படுகின்றன. அவர்களின்றி அந்நகர் எழுந்திருக்க இயலாது.

அரை மில்லிமீட்டரின் விலை

நூற்றில் ஒரு பங்கு அளவுகோலில் வரையப்படும் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது வேலைத்தலத்தில் பத்து சென்டிமீட்டர். பென்சில் கோடு அரை மில்லிமீட்டர் விலகினால் சுவர் ஐந்து சென்டிமீட்டர் விலகும். நம் நாட்டின் தர அளவுச் செங்கல்லின் உயரமே ஒன்பது சென்டிமீட்டர்தான். ஆகவேதான் படத்தை அளந்து பார்க்காமல், எழுதப்பட்ட எண்ணையே பின்பற்ற வேண்டும் என்பது தொழில் மரபாயிற்று. அந்த எண்ணை எழுதும் கை உங்களுடையது.

இனி இதைப் பெருக்கிப் பார்ப்போம். 1985இல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் திட்டத்திலும், 2016இல் அதன் இடத்தில் வந்த பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்திலும் வீடுகள் இலட்சக்கணக்கில் கட்டப்பட்டன. பின்னைய திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். ஒரு மாதிரிப் படத்தில் பத்து சென்டிமீட்டர் போதுமான கான்கிரீட் தளம், கவனக் குறைவால் பன்னிரண்டு சென்டிமீட்டர் எனக் குறிக்கப்பட்டதாகக் கொள்வோம். ஒரு வீட்டிற்கு அரைக் கன மீட்டர் கான்கிரீட் வீணாகும். அதே படத்தைக் கொண்டு ஆயிரம் வீடுகள் கட்டினால் 500 கன மீட்டர் வீணாகும். ஒன்றுக்கு ஒன்றரை, அதற்கு மூன்று என்ற கலவை விகிதத்தில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மூட்டை சிமெண்ட் தேவை. ஆக, ஏறத்தாழ 4,000 மூட்டைகள், அதாவது 200 டன் சிமெண்ட், ஒரே எண்ணின் தவறால் கரைந்து போகிறது. எந்தத் தணிக்கையும் இதைத் திருட்டு என்று கண்டுபிடிக்காது. ஏனெனில் படத்தின்படியே வேலை நடந்திருக்கும்.

குறைவாகக் குறிப்பதால் விளைவது இதைவிடக் கொடியது. அங்கே இழப்பது சிமெண்ட் அன்று, உயிர். 2001 சனவரி 26ஆம் நாள் கச்சுப் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத் நகரிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. அவற்றுள் பல, வண்டிகள் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்களின் மீது விட்டவை. தூணைக் கணக்கிடுவது பொறியாளரின் பொறுப்பு என்பது உண்மையே. ஆனால் தரைத்தளத்தைத் திறந்துவிடுவது முதலில் கட்டடக்கலைப் படத்தில்தான் இடம்பெறுகிறது. அதைக் கண்டதும், பொறியாளர் இதைப் பார்த்துவிட்டாரா என்று கேட்கும் துணிவு உதவியாளருக்கு வேண்டும்.

விதிகளின் பின்னுள்ள மனிதர்

தேசியக் கட்டட விதித் தொகுப்பு 1970இல் முதலில் வெளிவந்து, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. வாழும் அறைக்கு 9.5 சதுர மீட்டர் பரப்பு, 2.75 மீட்டர் உயரம் என்று அது வகுத்த எண்களை நீங்கள் மனப்பாடம் செய்வீர்கள். மனப்பாடம் செய்வதோடு நில்லாதீர்கள். அந்த உயரம் குறைந்தால் கோடை இரவில் அந்த அறையில் உறங்கும் குழந்தைக்கு என்ன நேரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சாய்தளத்தை மற்றோர் எடுத்துக்காட்டாகக் கூறலாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்திற்கு மேல் செங்குத்தாக இருக்கலாகாது. தரைமட்டம் 60 சென்டிமீட்டர் உயர்ந்த அலுவலகத்திற்கு 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறிய பின்னரும், வாயிற்படியின் ஓரமாக மூன்று மீட்டரில் சரிவு அமைத்துக் கடமை முடிந்தது என்று எண்ணும் கட்டடங்களை நாம் காண்கிறோம். சட்டம் இயற்றப்பட்டுவிட்டது, பணமும் செலவாகிவிட்டது, நாற்காலி மட்டும் மேலே ஏற முடியவில்லை. தொடக்கப் படத்திலேயே 7.2 மீட்டருக்கு இடம் ஒதுக்கியிருந்தால் கூடுதல் செலவு மிகச் சிறிது.

பட்டமும் பதவியும்

இனி, உங்கள் பெற்றோர் என்னிடம் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பினால் எதிர்காலம் உண்டா? மறைக்காமல் பதில் கூற வேண்டியது என் கடமை.

1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்தின்படி, பதிவு பெற்றவர் மட்டுமே தம்மைக் கட்டடக் கலைஞர் என அழைத்துக்கொள்ளலாம். அச்சட்டம் அந்தப் பெயரைத்தான் காக்கிறது, அத்தொழிலைச் செய்வதையே தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பைக் கேட்டு, பட்டயத்தோடு பெயர்ப்பலகை மாட்டிவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்தப் பெயர் இன்னும் உங்களுக்கு உரியதன்று. நகராட்சிகளும் வரைபடத்தில் கையொப்பமிடத் தக்கவர் யார் என்பதைத் தத்தம் விதிகளில் வரையறுக்கின்றன.

மேற்படிப்பிலும் ஒரு தடை உள்ளது. பொறியியல் பட்டயம் பெற்றவர் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர இயலும். கட்டடக்கலைப் பட்டத்திற்கு அவ்வழி இல்லை. கணிதத்தோடு பட்டயம் பெற்றவர் நுழைவுத் தேர்வு எழுதி முதலாண்டிலிருந்தே ஐந்தாண்டுகளும் பயில வேண்டும். வசதி குறைந்த குடும்பத்திற்கு மூன்றும் ஐந்தும் சேர்ந்து எட்டாண்டு என்பது சிறிய சுமையன்று. அரசுப் பணியிலும், இளநிலைப் பொறியாளர் தேர்வுக்குக் கட்டடப் பொறியியல் பட்டயமே பெரும்பாலும் தகுதியாகக் கேட்கப்படுகிறது. இவற்றைத் தெரிந்துகொண்டு திட்டமிடுபவர் ஏமாற்றம் அடையமாட்டார்.

ஆயினும் வாயில்கள் திறந்தே உள்ளன. பொதுப்பணித் துறைகளின் கட்டடக்கலைப் பிரிவுகள், பஞ்சாப், ஹரியானா மாநிலங்களின் தனிக் கட்டடக்கலைத் துறைகள், வீட்டு வசதி வாரியங்கள், தனியார் அலுவலகங்கள், ஒப்பந்ததாரர்கள் ஆகிய இடங்களில் உங்கள் பணி தேவைப்படுகிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, பட்டயதாரர்களும் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். உதவித்தொகையுடன் ஓராண்டு அலுவலகத்தில் பழகும் இவ்வாய்ப்பை நழுவவிடாதீர்கள். வகுப்பறையில் வரைந்த படம் மதிப்பெண் பெறும். அலுவலகத்தில் வரைந்த படம் கட்டடமாகி உங்கள் பிழையை உங்களுக்கே காட்டும். பின்னதே சிறந்த ஆசான்.

கருவி மாறும், கண் மாறாது

ஒரு காலத்தில் டி-ஸ்கொயரும் ட்ரேசிங் தாளும் மைப் பேனாவும் இத்தொழிலின் அடையாளங்களாக இருந்தன. 1982இல் ஆட்டோகேட் வெளிவந்தது. அதன் பின்னர் படத்தைப் பார்த்துப் படியெடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் வேலை படிப்படியாக மறைந்தது. இன்று ஒரு சுவரைத் திரையில் நகர்த்தினால் எல்லாத் தோற்றங்களும் அளவுப் பட்டியலும் தாமே மாறிக்கொள்ளும் மென்பொருள்கள் உள்ளன. இதிலிருந்து பெறவேண்டிய பாடம் தெளிவானது. கோடு இழுப்பதை மட்டும் கற்றவரின் இடத்தைக் கருவி எடுத்துக்கொள்ளும். மழை எத்திசையிலிருந்து சாரலடிக்கும், இந்த இடுக்கில் குழாய் பழுது பார்ப்பவரின் கை நுழையுமா, இந்தச் சமையலறையில் நிற்பவருக்குக் காற்று வருமா என்று அறிந்தவரிடம் கருவி வேலை செய்யும்.

அதிகாரிகளுக்கு ஒரு சொல்

இவ்வுரையைப் படிக்கக்கூடிய அரசு அலுவலர்களிடமும் ஒன்று கூற விரும்புகிறேன். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நகரத் தன்மை பெற்றும் நகராட்சி அமைப்பைப் பெறாத ஊர்கள் 3,894. 2001இல் இவை 1,362 மட்டுமே. பத்தாண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகிய இவ்வூர்களில் மாடிகள் எழுகின்றன. கடைத் தெருக்கள் நீள்கின்றன. அவற்றின் வரைபடங்களைப் பார்ப்பவர் யார்? ஊராட்சி அலுவலகத்தில் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாவிடில், அனுமதி என்பது வெறும் முத்திரையாகிவிடும். ஐந்தாண்டு படித்த கட்டடக் கலைஞர் சிற்றூருக்கு எளிதில் வரமாட்டார். மூன்றாண்டு பட்டயம் பெற்று, தம் வட்டாரத்திலேயே வாழ விரும்பும் இளைஞரும் இளம்பெண்ணும் வருவர். சில ஊராட்சிகளுக்கு ஒருவர் என்ற வகையிலாவது இத்தகைய பணியிடங்களை ஏற்படுத்துவதும், பணி நியமன விதிகளில் இப்பட்டயத்தைப் பெயர் குறித்துச் சேர்ப்பதும், பட்டயத்தில் முன்பே கற்ற பாடங்களுக்குப் பட்டப் படிப்பில் மதிப்பளிப்பதும் ஆய்ந்து முடிவெடுக்க வேண்டியவை. செலவைக் கணக்கிடும்போது, சற்றுமுன் கூறிய 4,000 மூட்டைச் சிமெண்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மாணவ மாணவியரே, நீங்கள் வரையும் படத்தின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரு சிறு கட்டங்கள் இருக்கும். முதற் கட்டத்தில் உங்கள் பெயரின் முதலெழுத்து இடம்பெறும். கட்டடத்தில் குடியேறுபவர் அதை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. பார்க்கப்படாத இடத்திலும் நாணயத்தோடு எழுதப்படும் அந்த ஓரெழுத்தை நம்பித்தான் அவர் தம் கூரையின் கீழ் உறங்கப் போகிறார். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நீங்கள் உயர வேண்டும் என வாழ்த்தி விடைபெறுகிறேன்.