பட்டாளத்து ரெக்கார்டில் உங்கள் பேர் இருக்கா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பட்டாளத்துக் குடும்பத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் நமக்கு இருக்கிறது மானாவாரிக் கரிசல். மழை பெஞ்சா பருத்தி, மக்காச்சோளம், மல்லி. பெய்யலைன்னா சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட வேண்டியதுதான். மாசம் பிறந்தா சம்பளம்ங்கிறது நம்ம பூமியில சின்ன விஷயமில்லை. அதுக்காகத்தான் நம்ம பையன்கள் பட்டாளத்துக்கு ஓடுறாங்க. தேசபக்தி இல்லைன்னு நான் சொல்லலை, அதுவும் உண்டு. ஆனா முதல்ல வயிறு.

என் வீட்டுக்காரர் 1984-ல் சேர்ந்தார், 2010-ல் நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றார். 26 வருஷம். அவர் இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780-ல் ஆரம்பிச்ச படை. தலைமையிடம் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரை. இந்தியா முழுக்க எந்தப் படைக்காரரும் இவங்களைத் ‘தம்பி’ன்னுதான் கூப்பிடுவாங்க.

இன்ஜினியர் படைன்னதும் பேன்ட் சட்டை போட்டு பிளான் வரையிறவங்கன்னு நினைச்சுடாதீங்க. கொத்தனார், தச்சர், வெல்டர், புல்டோசர் ஓட்டுறவர், எலக்ட்ரீஷியன், எல்லாரும் அதில இருக்காங்க. எல்லாரும் துப்பாக்கியும் பிடிக்கணும். படை போறதுக்கு முன்னாடி போய் ரோடு போடணும், பாலம் கட்டணும், தண்ணிக்கு வழி பண்ணணும், கண்ணிவெடி புதைக்கணும், எதிரி புதைச்சதை எடுக்கணும்.

2024 ஜூலை 30-ல் வயநாட்டில் மலை சரிஞ்சு ஊரே போச்சே, டி.வி.யில பார்த்திருப்பீங்க. சூரல்மலையில ஆத்துக்கு மேல 190 அடி இரும்புப் பாலம் போட்டது இந்த மெட்ராஸ் சாப்பர்ஸ்தான். ஆகஸ்ட் 1-ந் தேதி சாயங்காலம் பாலம் தயார். முன்னால நின்னு வேலை வாங்கியது மேஜர் சீதா ஷெல்கேங்கிற பெண் அதிகாரி. அந்தப் பாலத்துக்குப் பேர் பெய்லி பாலம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் உருவாக்கினது. பத்தடி நீளச் சட்டம், ஆறு பேர் தூக்கிடலாம். ஒண்ணோட ஒண்ணு வச்சு முளை அடிச்சு, இந்தக் கரையில இருந்தே உருளை மேல வச்சு அந்தக் கரைக்குத் தள்ளிடுவாங்க. என் வீட்டுக்காரர் டி.வி. முன்னாடி உட்கார்ந்து, “அங்க பாரு, அங்க பாரு”ன்னு அன்னைக்குச் சோறு கூடத் திங்கலை.

ஆனா எல்லா வேலையும் பாலம் மாதிரி இல்லை. நம்ம காஞ்சிபுரம் பக்கத்து ஆள், சுபேதார் சுப்பிரமணியன். இதே படை. 1944 பிப்ரவரியில் இத்தாலி நாட்டில், கண்ணிவெடி வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் கூட இருந்தவங்களைக் காப்பாத்த அது மேலயே விழுந்துட்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வாங்கின முதல் இந்தியர் அவர்தான். அதை வாங்கிக்க அவர் இல்லை.

2001 டிசம்பரில் டெல்லி நாடாளுமன்றத்தைத் தாக்கினாங்க. அதுக்கப்புறம் மேற்கு எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைச்சாங்க. சண்டை வரலை. புதைச்சதைத் திரும்ப எடுக்கணுமில்ல? புதைச்சது, எடுத்தது ரெண்டும் இன்ஜினியர் படைதான். கை போனவங்க, கால் போனவங்க, உயிரே போனவங்க எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரர் அப்போ அங்கேதான் இருந்தார். எனக்குத் தெரியாது. லெட்டர் விலாசத்தில ஊர்ப் பேர் இருக்காது, ‘56 ஏ.பி.ஓ.’ன்னு மட்டும்தான் இருக்கும். வாரம் ஒரு தடவை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். “சௌக்கியமா, மழை பெஞ்சதா, பருத்தி எடுத்தாச்சா”, அவ்வளவுதான். ஒரு லீவுல வந்தப்போதான் எங்க இருந்தார்னு சொன்னார்.

அன்னைக்கு ராத்திரி நான் கேட்ட ஒரே கேள்வி, “உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா உங்க ஆபீஸ்ல என் பேர் என்னன்னு இருக்கு?”

இந்தக் கேள்வியை நீங்க ஒவ்வொருத்தரும் கேட்கணும். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் கதை சொன்னேன்.

கல்யாணம் நம்ம ஊர்ல நடக்கும், மண்டபம் நிறைஞ்ச கூட்டம் சாட்சி. ஆனா பட்டாளத்துக்கு அது தெரியாது. அவர் யூனிட்டில் சொல்லி, ‘பார்ட் டூ ஆர்டர்’னு ஒண்ணு போட்டாத்தான் நீங்க அவர் பெண்டாட்டி. பிள்ளை பிறந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படியே. நம்ம தீர்மானப் புத்தகத்தில ஏறாத கடனை யாராவது ஒத்துக்குவாங்களா? அதே மாதிரிதான். இன்சூரன்ஸ், பி.எஃப். எல்லாத்துக்கும் தனித்தனியா வாரிசு எழுதணும். கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேரைப் போட்டிருப்பார், அதுக்கப்புறம் மாத்த மறந்திருப்பார். மாமியாரும் மருமகளும் ஒத்துமையா இருக்கிறப்பவே இதைச் சரி பண்ணிக்கணும். துக்க வீட்டில் உட்கார்ந்து பேசுற பேச்சு இல்லை இது.

அடுத்தது பேர். நமக்கெல்லாம் ரெண்டு பேர், மூணு பேர். ரேஷன் கார்டில் பேச்சியம்மாள், ஆதாரில் பேச்சி, வீட்டில கூப்பிடுறது ராணி. அவர் யூனிட்டில ராணின்னு எழுதியிருப்பார். அவர் இருக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் தெரியாது. அவர் போனதும் “பேச்சியும் ராணியும் ஒரே ஆளா?”ன்னு கேட்பாங்க. ஒரு அக்கா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒன்றரை வருஷம் நடையா நடந்தாங்க. அது வரைக்கும் பென்ஷன் இல்லை, கம்மலை அடகு வச்சுச் சாப்பிட்டாங்க. அவர் உயிரோட இருக்கிறப்போ ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆதார், அஃபிடவிட் வச்சு பெங்களூர் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதினா முடியுற வேலை. (வேற படைன்னா அந்தப் படையோட ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்.) விருதுநகர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில உதவி பண்ணுவாங்க.

பி.பி.ஓ.ன்னு ஒரு காகிதம், பென்ஷன் ஆணை. அதில உங்க பேரும் பிறந்த தேதியும் இருக்கான்னு பாருங்க. பிறந்த தேதி எதுக்குன்னு கேட்பீங்க. 80 வயசு ஆச்சுன்னா குடும்பப் பென்ஷன் 20 சதவீதம் கூடும். தேதி இல்லைன்னா உங்களுக்கு 80 ஆச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பழைய பி.பி.ஓ. நிறையத்தில மனைவி பிறந்த தேதியே கிடையாது.

சாதாரணக் குடும்பப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில 30 சதவீதம். ஓய்வு பெற்றவர் இறந்தா 7 வருஷம், இல்லைன்னா அவருக்கு 67 வயசு ஆகியிருக்கும் நாள், இதில் எது முன்னாடி வருதோ அது வரைக்கும் கூடுதலாகக் கிடைக்கும். அப்புறம் குறையும். குறையுறப்போ ஏமாத்திட்டாங்கன்னு நினைக்க வேண்டாம்.

ஓய்வு பெறும்போது பென்ஷனில் ஒரு பங்கை மொத்தமா வாங்குவாங்க, ‘கம்யூட்டேஷன்’. 15 வருஷம் மாசப் பென்ஷன் குறைவாக வரும், அப்புறம் முழுசா வரும். அந்த மொத்தப் பணம் வர்ற அன்னைக்கு நம்ம வீட்டு வாசல்ல எத்தனை செருப்பு கிடக்கும் தெரியுமா? கொழுந்தனார் டிராக்டர், நாத்தனார் மகள் கல்யாணம், வட்டிக்குக் கேட்கிற கூட்டாளி. வீடு கட்டின மிச்சம் எங்க போச்சுன்னு பல வீட்டில இன்னைக்கும் தெரியாது. குழுவில 500 ரூபா உள்கடனுக்கு அத்தனை கேள்வி கேட்கிற நாம, வீட்டில வர்ற லட்சத்துக்கு வாயைத் திறக்கிறதில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபிறகு கொஞ்ச நாள் சிரமம்தான், மறைக்க வேண்டாம். வருஷத்துக்கு 60 நாள் லீவு, கூட 30 நாள் கேஷுவல் லீவுன்னு விருந்தாளி மாதிரி வந்து போனவர். குவார்ட்டர்ஸ் கிடைச்சு நாங்க கூட இருந்ததே மொத்தம் நாலஞ்சு வருஷம். மத்தபடி காடு, மாடு, பிள்ளை படிப்பு, சாவு, சடங்கு எல்லாம் நான்தான். திடீர்னு ஒரு மனுஷர் அஞ்சு மணிக்கு எழுந்து, “ஏன் இன்னும் யாரும் எந்திரிக்கலை”ன்னு சத்தம் போட்டா எப்படி இருக்கும்? பெரிய மகள் அவரிடம் முகம் கொடுத்துப் பேச ஒரு வருஷம் ஆச்சு. கேன்டீன் பாட்டிலைப் பத்தி நான் பேச வரலை. இங்க சிரிக்கிறவங்களுக்குத் தெரியும்.

இப்போ பிள்ளைகளை அனுப்புற தாய்மார்களுக்கு. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தபிறகு சிப்பாய்க்கு ஆள் எடுக்கிற முறை மாறிப்போச்சு. நாலு வருஷம் வேலை. அதில் 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் நிரந்தரமா எடுப்பாங்க. மத்தவங்களுக்கு பென்ஷன் கிடையாது. சம்பளத்தில 30 சதவீதம் பிடிச்சு, அரசாங்கமும் அதே அளவு போட்டு, வெளியே வரும்போது வட்டியோட சுமார் 11.71 லட்சம் தருவாங்க. கட்டாயச் சேமிப்பு மாதிரி. என் வீட்டுக்காரர் காலத்துக் கணக்கை வச்சு, “மகன் பட்டாளத்தில இருக்கான், காலத்துக்கும் பென்ஷன் உண்டு”ன்னு சொல்லிப் பெண் பார்க்காதீங்க. பெண் கொடுக்கிறவங்களும் விசாரிங்க. அந்த நாலு வருஷத்தில வெல்டிங்கோ, வண்டி ஓட்டுறதோ, கையில ஒரு தொழில் கத்துக்கிட்டு வரச் சொல்லுங்க.

ஸ்பர்ஷ்னு கம்ப்யூட்டர்ல பென்ஷன் வருது இப்போ. வருஷா வருஷம் உயிர்ச் சான்று கொடுக்கணும். பொது சேவை மையத்தில கைரேகை வச்சா முடிஞ்சது. கைரேகை அழிஞ்சுபோன பாட்டிமாருக்கு அது விழாது, அவங்களோட ஒரு ஆள் கூடப் போகணும். ஊக்குநர்கள் இதை ஒரு வேலையா எடுத்துச் செய்யலாம்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு வர்றப்போ, பட்டாளத்துக் குடும்பத்துக்காரங்க பி.பி.ஓ., ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், நாலுக்கும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. என் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வர்றேன். உட்கார்ந்து பேர் பேராப் பார்த்துடலாம். பி.பி.ஓ. எங்க இருக்குன்னு தெரியாதவங்க இன்னைக்கே அவர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க.