‘வலையை விடு!’ - மேட்டூர் அணையில் ஓர் ஆடிக்காற்று நாள்

இந்த எபிசோடை நீங்க வேற மாதிரி கேட்டிருக்கணும். அணைத் தண்ணிக்கு நடுவுல, பரிசல்ல உட்கார்ந்து, துடுப்புச் சத்தம், மீன் துள்ளற சத்தம் எல்லாத்தையும் லைவா பதிவு பண்ணிப் போடறதா பிளான். சட்டைக் காலர்ல மைக்கைக் குத்திக்கிட்டுத்தான் போனேன். வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டா, மூணு மணி நேரத்துக்கு மேல வெறும் ‘கொர்ர்ர்ர்’. காத்து. என்ன ஃபில்டர் போட்டும் ஒண்ணும் தேறல.

ஒரே ஒரு இடத்துல மட்டும், ஒரு பத்து விநாடி, குரல் தெளிவா கேக்குது. எங்க மாமாவோட குரல். “வலைய விடு!”ன்னு கத்தறார். அந்தப் பத்து விநாடிக்கு எப்படி வந்து சேர்ந்தோம்ங்கறதுதான் இன்னிக்குக் கதை. கதையில தப்பு பண்ணின ஆள் நான்தான். அதை முதல்லயே சொல்லிடறேன்.

மாமான்னா எங்க அம்மாவுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். மேட்டூர் அணைக்கு மேல, பண்ணவாடி பரிசல் துறைக்குப் பக்கத்துல வீடு. அணையில மீன் பிடிக்க உரிமம் வச்சிருக்கார். ஃபேஸ்புக்ல படம் பார்த்திருப்பீங்க, தண்ணி நல்லா குறையும்போது ஒரு பெரிய நந்தி சிலையும் பழைய சர்ச் கோபுரமும் வெளியே தெரியுமே, அது அந்தப் பக்கம்தான். 1925ல ஆரம்பிச்சு 1934ல கட்டி முடிச்ச அணை. அப்போ தண்ணிக்குள்ள போன ஊர்களோட மிச்சம் அதெல்லாம். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நிரம்பி நிக்கும்போது தண்ணி மட்டும் கிட்டத்தட்ட 59 சதுர மைல் பரப்பு. அணைன்னு சொல்றோமே தவிர, நடுவுல போய் நின்னா அது கடல்தான்.

நான் போனது ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. தண்ணி நிறைய இருந்தது. நந்தி உள்ள போயாச்சு.

அங்க நிறைய பேர் புருஷன் பொண்டாட்டியாத்தான் மீனுக்குப் போவாங்க. ஒருத்தர் துடுப்பு போடணும், இன்னொருத்தர் வலையை இழுத்து மீனைக் கழட்டணும். மாமா துடுப்பு, அத்தை வலை. இருபது வருஷத்துக்கு மேல அப்படித்தான். சாயங்காலம் போய் வலை கட்டிட்டு வருவாங்க. மேல மிதவை, கீழே ஈயம், நடுவுல நைலான் கண்ணி, தண்ணிக்குள்ள ஒரு சுவர் மாதிரி நிக்கும். ராத்திரி அந்தப் பக்கம் வர்ற மீனோட தலை கண்ணிக்குள்ள போயிடும், செவுள் மாட்டிக்கும், பின்னாடி வர முடியாது. விடியக்காலைல போய் எடுக்கணும். அன்னிக்கு அத்தை உட்கார வேண்டிய இடத்துல நான் உட்கார்றதா ஏற்பாடு. பரிசல்ல மூணாவது ஆளுக்கு இடம் இருந்தாலும், மீனுக்கு இடம் வேணும்ல.

காலைல அஞ்சரை மணி. வாசல்ல நின்னா வேப்பமரம் ஆடுது. அத்தை மாமாகிட்ட சொன்னாங்க: “இன்னிக்கு வேணாங்க. விடியறதுக்கு முன்னாடியே இந்த அடி அடிக்குதுன்னா, பத்து மணிக்கு என்ன அடிக்கும்?”

அது எவ்வளவு சரியான கணக்குன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது. வழக்கமா ராத்திரி தரை குளிரும், தரையை ஒட்டின காத்து அடங்கிடும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மேல வேகமா ஓடிக்கிட்டிருக்கிற காத்தைக் கீழே இழுத்துக் கலக்கும். அதனாலதான் காலைல அமைதியா இருந்து மத்தியானம் காத்து ஏறும். ஆடியில தென்மேற்குப் பருவக்காத்து உச்சத்துல இருக்கும்போது, அஞ்சரை மணிக்கே மரம் ஆடினா, அன்னிக்கு ஆரம்பப்புள்ளியே மேல இருக்குன்னு அர்த்தம். அத்தைக்கு ஆப் தேவைப்படல.

நான் போனை எடுத்துப் பார்த்தேன். காத்து வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர்னு போட்டிருந்தது. “18தான் மாமா, லேசான காத்து. நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்கு, இன்னிக்கு விட்டா மறுபடி எப்ப வருவேன்னு தெரியல”ன்னு சொன்னேன்.

நம்ம வேலையில இருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். நான் பார்த்தது ஆவரேஜ். அதுக்குக் கீழேயே ‘கஸ்ட்’னு இன்னொரு நம்பர் இருந்தது, திடீர்னு வீசற வீச்சோட வேகம். அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சர்வரோட ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு பி99 பார்க்காம விட்டா ஆபீஸ்ல என்னைக் கிழிச்சிருப்பாங்க. அதுவும் காத்து ரெண்டு மடங்கு ஆனா அது தள்ளற விசை ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. இதெல்லாம் நான் காலேஜ்ல எழுதி மார்க் வாங்கின விஷயம்.

மாமா ஒரு தடவ தண்ணியைப் பார்த்தார், ஒரு தடவ என்னைப் பார்த்தார். “சரி வா மாப்ள, ஓரத்துல இருக்கிற வலையை மட்டும் எடுத்துட்டு வந்துருவோம்”னார். வீட்டுல இருந்தது ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட். அதை எனக்கு மாட்டி விட்டுட்டார்.

துறையில தண்ணி ரொம்ப அமைதியாத்தான் இருந்தது. அதுலதான் நான் ஏமாந்தேன். காத்து எங்க முதுகுக்குப் பின்னாடி, மேற்குலேர்ந்து வருது. பின்னாடி மேடு, மரம். அதனால கரையோரம் தண்ணி மறைவுல இருக்கு. உள்ள போகப் போகத்தான் காத்து தண்ணியைத் தொடுது. எவ்வளவு தூரம் திறந்த தண்ணி மேல காத்து ஓடுதோ, அவ்வளவு பெருசா அலை வளரும். நம்ம கரையிலேர்ந்து பார்த்தா அலையோட முதுகுதான் தெரியும், அது சின்னதாத் தெரியும். போறது சுலபம், காத்தே தள்ளிட்டுப் போகும். திரும்பறது காத்துக்கு எதிரா.

முதல் வலை அமோகம். ரோகு, மிர்கால், நிறைய ஜிலேபி, ஒரு அரஞ்சான், கடைசியா ஆறு கிலோ இருக்கும் ஒரு கட்லா. காத்து நாள்ல மீன் இப்படித்தான் விழும்னு மாமா சொன்னார். தண்ணி கலங்கிப் போறதால மீனுக்கு வலை தெரியாது, மேல்மட்டத்துல பாசியும் சின்னச் சின்ன உயிரும் காத்தோட ஒதுங்கும், அதைத் தின்ன கட்லா மேல வரும். மீன் கிடைக்கிற நாளும் ஆபத்தான நாளும் ஒரே நாளா இருக்கறதுதான் இந்தத் தொழிலோட சிக்கல்.

மாமா பரிசலைத் திருப்பிட்டார். அப்போ நான் சொன்ன வார்த்தை: “இன்னொண்ணுதானே மாமா, அந்தா மிதவை தெரியுது.”

அவர் பதில் சொல்லல. துடுப்பை மாத்திப் பிடிச்சார்.

ரெண்டாவது வலைக்கிட்ட போகும்போது மணி எட்டரை. தண்ணியோட நிறம் மாறிச்சு. தூரத்துல ஒரு கருப்புக் கோடு எங்களைப் பார்த்து ஓடி வருது. தண்ணி மேல வெள்ளை நுரை, காத்து போற திசையில நீள நீளமாக் கோடு போட்ட மாதிரி. பரிசல் வட்டமா இருக்கும், முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, அடியில கீலும் கிடையாது. காத்து அடிச்சா பம்பரம் மாதிரி சுத்தும். அதைச் சுத்தாம நிறுத்தறதுக்கே மாமாவோட ரெண்டு கையும் போயிடுச்சு.

நான் வலையைப் பிடிச்சிருந்தேன். கனமா ஏதோ மாட்டியிருக்கு, நல்லா இழுக்குது. அப்போதான் முதல் அலை உள்ள வந்தது. ஏன் வந்ததுன்னு கேளுங்க. சும்மா விட்டா பரிசல் இலை மாதிரி, அலை மேல ஏறி இறங்கிடும். நான் வலையை இறுக்கிப் பிடிச்சிருந்ததால என் பக்கத்து விளிம்பு கீழே இழுபட்டு நிக்குது. ஏற முடியாத பரிசலுக்குள்ள அலை ஏறுது. நங்கூரத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், எனக்கே தெரியாம.

“வலைய விடு!”

நான் விடல. பயத்துல கை இறுகிப்போச்சுன்னு முதல்ல நினைச்சேன். உண்மை அது இல்ல. அந்த நேரத்துலயும், ‘இது அவங்க வலையாச்சே, நான் விட்டுத் தொலைச்சா நஷ்டமாச்சே’ன்னு மூளை ஓடுச்சு. நல்லவனா இருக்கறதா நினைச்சுக்கிட்டுத்தான் பிடிச்சிருந்தேன். அத்தையா இருந்திருந்தா மாமா கத்தறதுக்கு முன்னாடியே விட்டிருப்பாங்க.

ரெண்டாவது அலை. கால் முட்டி வரைக்கும் தண்ணி, கட்லா என் காலுக்கு நடுவுல மிதக்குது. மாமா துடுப்பைத் தொடையில இடுக்கிக்கிட்டு, கத்தியை எடுத்து, என் கைக்கு அரை அடி தள்ளி வலையோட கயித்தை அறுத்தார். படக்குனு பரிசல் நிமிர்ந்தது. “அள்ளி ஊத்து”ன்னார். பாதியா வெட்டின கேன் ஒண்ணு இருந்தது. அள்ளினேன். வேற எதுவும் யோசிக்கல.

அப்புறம் அவர் பண்ணினது எனக்கு ஆச்சரியம். நம்ம கரைக்குத் திரும்ப முயற்சியே பண்ணல. காத்துக்கு எதிரா துடுப்பு போட்டா பத்து நிமிஷத்துல கை விட்டுப் போயிடும், நடுத்தண்ணியில சக்தியில்லாம நிக்கணும். அதனால பரிசல் சுத்தாம மட்டும் பார்த்துக்கிட்டு, காத்து போற பக்கமே விட்டார். எதிர்க்கரை, நாகமரை பக்கம். சேலம் மாவட்டத்துல கிளம்பி தருமபுரி மாவட்டத்துல இறங்கினோம். கரை தட்டினதும் மாமா முதல்ல பண்ணின காரியம், பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருந்த போனை எடுத்து, “நாகமரைப் பக்கம் இருக்கோம், ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.” அந்தப் பக்கம் அத்தை ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

காத்து அடங்கற வரைக்கும், பொழுது சாயற வரைக்கும் அங்கேயே இருந்தோம். அந்தக் கரையில இருந்த ஒரு மீனவர் வீட்டுல அடுப்பு குடுத்தாங்க, ஜிலேபியைக் குழம்பு வச்சோம். மிச்ச மீனை ஈரச் சாக்குல மூடி வச்சும் பாதி கெட்டுப்போச்சு. வியாபாரிக்குக் காலைலயே போயிருக்க வேண்டிய மீன். அறுத்து விட்ட வலை ரெண்டு நாள் கழிச்சு, தண்ணிக்குள்ள நிக்கிற பழைய மரக்கட்டையில சிக்கிக் கிழிஞ்சு கிடைச்சதாம். நூல், மிதவை, ஈயம் எல்லாம் சேர்த்து நாலாயிரம் கிட்ட.

ராத்திரி வீடு வந்ததும் பணம் குடுக்கப் பார்த்தேன். மாமா, “அட போ மாப்ள, வலைன்னா போகும் வரும்”னு எழுந்து போயிட்டார். அத்தை போகல. “குடுத்தா வாங்கிக்கறேன் கண்ணு. வலை வாங்கணும்ல”ன்னாங்க. வாங்கிக்கிட்டாங்க. அது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்ததுன்னு சொல்ல முடியாது.

அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. “உங்க மாமா தண்ணிக்குப் பயப்படாத ஆளு இல்ல. நல்லா பயப்படுவாரு, அதான் இத்தனை வருஷம் இருக்காரு. ஆனா வீட்டுக்கு வந்த புள்ள கேட்டா முடியாதுன்னு சொல்ல அவருக்கு வராது. அது உனக்குத் தெரியணும்.”

நான் கேட்டது ஒரு ஆசைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவருக்கு அது மறுக்க முடியாத ஒண்ணா இருந்திருக்கு. ஆபீஸ்ல ஒரு மேனேஜர், “முடிஞ்சா இன்னிக்கே ரிலீஸ் பண்ணிடலாமே”ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா நமக்கு எப்படி இருக்கும்? எங்க மாமாவுக்கு அன்னிக்கு நான் அந்த மேனேஜர். என்ன, அங்க ரோல்பேக் கிடையாது.

ஒகேனக்கலோ, மேட்டூரோ, பவானிசாகரோ, நீங்க பரிசல்ல ஏறப் போறீங்கன்னா மூணு விஷயம். லைஃப் ஜாக்கெட் உங்களுக்கு மட்டும் இல்லாம, ஓட்டறவருக்கும் இருக்கான்னு பாருங்க. உள்ள நிக்காதீங்க, கீழே உட்காருங்க. அவர் தயங்கினா ரெண்டாவது தடவ கேக்காதீங்க.

அடுத்த மாசம் போறேன், ரெண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கி வச்சிருக்கேன். பரிசல்ல அத்தை இடத்துல அத்தைதான் உட்காருவாங்க. நான் கரையில. மைக்குக்கு ஒரு பஞ்சு உறையும் வாங்கிட்டேன், இந்தத் தடவ சத்தம் ஒழுங்கா வரும்னு நம்பறேன்.