ஒருவரைப் பற்றி எழுதும் முன்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் மஹல்லாவில் இன்று மருத்துவர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் பெருகியுள்ளனர். மகிழ்ச்சிக்குரிய செய்தி இது. இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு பணி உண்டு. பிற மனிதர்களை மதிப்பிட்டு, தாளில் எழுதிக் கையெழுத்திடுவதே அது. அந்தக் கையெழுத்தின் கனத்தை எண்ணிப் பார்க்க, ஒரு வழக்கைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர் கேரி பக். ஏழைப் பெண். சிறு வயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விடப்பட்டார். ஆறாம் வகுப்பு வரை நன்றாகவே படித்தார். பின்னர் வீட்டு வேலைக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். பதினேழு வயதில் கருவுற்றார். வளர்ப்புக் குடும்பத்தாரின் உறவினன் ஒருவன் இழைத்த வன்கொடுமையே அதற்குக் காரணம் என்று கேரி பிற்காலத்தில் கூறியுள்ளார். அக்குடும்பமோ, அவருக்கு அறிவு வளர்ச்சி இல்லை என்று சொல்லி, 1924-இல் அவரை அரசுக் காப்பகத்திற்கு அனுப்பிவிட்டது. அவருடைய தாய் எம்மா முன்னரே அங்கு அடைக்கப்பட்டிருந்தார்.

அதே 1924-ஆம் ஆண்டில்தான், 'அறிவுக்குறைவு' உடையோர் எனக் கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் நீதிமன்றத்தில் நிற்குமா என்று பார்க்க ஒரு வழக்கு தேவைப்பட்டது. காப்பகத்தின் கண்காணிப்பாளரான மருத்துவர் ஆல்பர்ட் பிரிட்டி, கேரியைத் தேர்ந்தெடுத்தார்.

இனி நடந்தவற்றைக் கூர்ந்து கவனியுங்கள். கேரிக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்தி, அவருடைய மன வயது ஒன்பது என்று எழுதினார்கள். மரபியல் வல்லுநராக அழைக்கப்பட்ட ஹாரி லாஃப்லின், கேரியை ஒருமுறை கூட நேரில் காணாமலே, காப்பகம் அனுப்பிய தாள்களை மட்டும் வைத்துக் கருத்துரை வழங்கினார். கேரியின் மகள் விவியன் அப்போது ஏழு மாதக் கைக்குழந்தை. அக்குழந்தையின் தோற்றத்தில் ஏதோ இயல்புக்கு மாறாக இருப்பதாக ஒரு சமூகப் பணியாளர் சாட்சி சொன்னார். கேரிக்காக வாதாட அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் இர்விங் வைட்ஹெட், முன்பு அதே காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். அவர் தம் தரப்பில் ஒரு சாட்சியையும் அழைக்கவில்லை. கேரியின் பள்ளிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கியிருந்தாலே போதும், வழக்கின் அடித்தளம் ஆட்டம் கண்டிருக்கும்.

1927 மே 2-ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அச்சட்டத்தை ஏற்றது. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையும் குறைபாடுடையது என்பதே தீர்ப்பின் சாரம். அக்டோபரில் கேரிக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

மூன்றாம் தலைமுறை எனப்பட்ட விவியன் என்ன ஆனாள்? பள்ளியில் சேர்ந்தாள், 1931-இல் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள், மறு ஆண்டு, எட்டு வயதில், நோயுற்று இறந்தாள். கேரியின் தங்கை டோரிஸுக்கும் அதே காப்பகத்தில் கருத்தடை செய்யப்பட்டது. குடல்வால் அறுவை என்று சொல்லியே செய்தார்கள். தமக்கு ஏன் பிள்ளைப்பேறு இல்லை என்பதை அவர் முதுமையில்தான் அறிந்தார். வர்ஜீனியாவில் ஏறத்தாழ 8,000 பேர் இவ்விதம் கருத்தடைக்கு உள்ளாயினர். அமெரிக்கா முழுவதிலும் அத்தொகை 60,000-ஐத் தாண்டும். வர்ஜீனியா 1974-இல் அச்சட்டத்தை நீக்கியது. 2002-இல் ஆளுநர் மன்னிப்புக் கோரினார். கேரி அதற்கு 19 ஆண்டுகள் முன்பே, 1983-இல் காலமாகிவிட்டார்.

பெரியோர்களே, இவ்வழக்கில் முறைகேடாக ஒன்றும் நடக்கவில்லை என்று அன்றைய அதிகாரிகள் உறுதியாகக் கூறியிருப்பர். அறிவிப்பு கொடுக்கப்பட்டது, விசாரணை நடந்தது, மேல்முறையீடும் நடந்தது. படிவங்கள் யாவும் நிரப்பப்பட்டிருந்தன. முடிவு முதலிலேயே செய்யப்பட்டு, மதிப்பீடு அதன் பின்னால் இழுத்து வரப்பட்டது என்பதுதான் குறை. அந்த நுண்ணறிவுச் சோதனையின் வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. பாரிஸில் 1905-இல் ஆல்பிரட் பினே அதனை அமைத்தது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதற்காக. உதவிக்கென்று செய்த அளவுகோல், இருபது ஆண்டுகளுக்குள் கருத்தடைக்கான சான்றாக மாறிவிட்டது!

இது நமக்குத் தொலைவான கதை என்று எண்ண வேண்டாம். 2009-இல் சண்டிகரில், அரசுக் காப்பகத்திலிருந்த, லேசான அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய ஒரு பெண் வன்கொடுமையால் கருவுற்றார். கருவைக் கலைக்க நிர்வாகம் அனுமதி கோரியது. உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. ஆனால் அப்பெண்ணோ குழந்தையைப் பெற்றுக்கொள்ளவே விரும்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு (நம் தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் பி. சதாசிவமும் அதில் இருந்தார்) அவருடைய சம்மதமின்றிக் கருவைக் கலைக்கக் கூடாது எனத் தீர்ப்பளித்தது. கேரியிடம் எவரும் மதித்துக் கேளாத கேள்வி, இப்பெண்ணிடம் கேட்கப்பட்டது. இரண்டு வழக்குகளுக்கும் இடையிலான தூரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, சிறப்புச் சலுகைகள் பலவற்றிற்குக் குறைபாடு 40 விழுக்காடேனும் இருப்பதாகச் சான்று வேண்டும். சில நிமிடங்களில் இடப்படும் ஓர் எண், ஒரு பிள்ளையின் உதவித்தொகையைத் தீர்மானித்துவிடுகிறது. சான்றளிக்கும் நம் மருத்துவச் சகோதரர்கள் அப்பிள்ளையின் தாய் சொல்வதையும் செவிமடுக்க வேண்டுகிறோம். முடிவில் மனநிறைவு இல்லாதோர் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு வழி தருகிறது. இதை அறியாமல் வீடு திரும்புவோர் நம்மிடையே இருக்கலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். 'மந்தம்' என்று பதிவேட்டில் எழுதும் முன், அப்பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் உணவு உண்டு வந்ததா என்று பாருங்கள். ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு ஆசிரியர் பிள்ளையைப் பார்க்கும் முன் அந்தச் சொல்லைத்தான் பார்ப்பார்.

நிர்வாகக் குழுவினராகிய நாமும் விலக்கல்ல. பைத்துல்மால் உதவிக்கும் கல்வி உதவித்தொகைக்கும் வரும் மனுக்களை நாம்தாம் தரம்பிரிக்கிறோம். அக்குடும்பத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் சொன்னது பல நேரம் நேரில் கண்டதைப் போலவே குறிப்பில் ஏறிவிடுகிறது. எனவே வரும் ஆண்டு முதல் விண்ணப்பப் படிவத்தில் மூன்று வரிகள் சேர்க்கப்பட வேண்டும் என்று குழுவின் பார்வைக்கு வைக்கிறோம்: குறிப்பு எழுதுபவர் அவ்வீட்டிற்கு எந்த நாளில் நேரில் சென்றார், எழுதியதில் எது கண்டது, எது கேட்டது, மனுதாரர் தம் நிலையைத் தம் சொல்லில் எவ்வாறு கூறினார். மனுதாரருடன் உறவோ பகையோ உடையவர் அந்த மனுவைப் பார்ப்பதிலிருந்து ஒதுங்கிக்கொள்ளட்டும். மறுக்கப்பட்ட மனுவிற்குக் காரணம் எழுத்தில் தரப்படட்டும். ஜமாஅத்தார்கள் இதன்மேல் தங்கள் கருத்துகளை முத்தவல்லி அவர்களிடம் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.